பாதித் தலை வைத்தியம்

இடது பக்கம் முடிந்து வலது பக்கத்தில் கை வைக்க வேண்டிய நேரத்தில் ஹோசியா டிரிப்லெட் கட்டிங் மெஷினை அணைத்து ஆணியில் மாட்டிவிடுவார். கழுத்தில் துணி சுற்றியிருக்கும் ஆள் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பார். ஒரு பக்கம் கல்யாண மாப்பிள்ளை, மறுபக்கம் ஒரு மாதம் காட்டில் கிடந்தவன். அதற்குள் ஹோசியா இழுப்பறையைத் திறந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்திருப்பார்.

"கைய நீட்டு."

"முதல்ல முடிய வெட்டி முடிங்கண்ணே."

"முடி எங்கயும் ஓடிப் போயிடாது. நீட்டு."

நீட்டித்தான் ஆக வேண்டும். பாதி வெட்டிய தலையோடு தெருவில் இறங்கும் துணிச்சல் சைப்ரஸ் பெண்ட் ஊரில் எந்த ஆண்பிள்ளைக்கும் கிடையாது. அது தெரிந்துதான் ஹோசியா பாதியில் நிறுத்துகிறார். சலூனுக்கு முதல் தடவை வருகிறவர்கள் மட்டும் திகைப்பார்கள். பழகியவர்கள் உட்காரும்போதே சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்வார்கள்.

அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கேட்டால், "எங்கம்மா பைபிளோட முதல் பக்கத்துல எழுதி வெச்சிருக்கு, போய்ப் பாத்துக்க" என்பார். ஒல்லியான உடம்பு, சனிக்கிழமைகளில் கழுத்தில் சிவப்பு போ டை, காலில் துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் கறுப்பு ஷூ. வானொலியில் பேஸ்பால் வர்ணனை ஓடினால் வர்ணனையாளரோடு சண்டை போடுவார். ஒருவனின் குணத்தைத் தலைச்சுழியை வைத்துச் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. ஊருக்கெல்லாம் உப்பைக் குறைக்கச் சொல்லுவார். ஆனால் மத்தியானம் பொரித்த கெளுத்தி மீன் வந்துவிட்டால் அதன்மேல் மிளகாய்ச் சாற்றை மீன் முழுகிப் போகும் அளவுக்கு ஊற்றுவார். பர்னல் என்று ஒருவர், தலையில் ஒரு முடிகூட இல்லாதவர், தினமும் சலூனுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதே இதையெல்லாம் பார்க்கத்தான்.

"யோவ் ஹோசியா, அந்தச் சாறுல உப்பே இல்லையாக்கும்?"

"முடி இருக்கிறவங்க மட்டும் இங்க பேசலாம்."

கருவியைக் கட்டிவிட்டால் சலூனின் சட்டம் மாறிவிடும். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், யாரும் வாய் திறக்கக் கூடாது. அளக்கப்படுகிற ஆள் மட்டுமல்ல, கடையில் இருக்கும் அத்தனை பேரும். வானொலியைக்கூட அணைத்துவிடுவார். காலையிலிருந்து மாலைவரை வாய் ஓயாத ஒரு கடை திடீரென்று அமைதியானால் தெருவில் போகிறவர்களுக்குச் சந்தேகம் வராதா? எத்தனையோ தடவை யாராவது கதவுக்குள் தலையை நீட்டி, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "யாரு போய்ட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கியவர் ஹோசியா இல்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் கெளுத்தி மீன் ஆலையில் இருப்பார்கள், இல்லையென்றால் பருத்திக் காட்டிலோ லாரியிலோ. சம்பளம் வரும், காப்பீடு வராது. காப்பீடு இல்லாதவன் ஆஸ்பத்திரிப் படி ஏறினால் இறங்கும்போது வீட்டில் எதையாவது விற்க வேண்டியிருக்கும். ஓய்வு பெற்ற நர்ஸ் வெர்லீன் சிஸ்டரும் தேவாலயத்துப் பெண்களும் சேர்ந்து ஆலயத்தை ஒட்டிய சபைக் கூடத்தில் ஓர் இலவச மருத்துவமனை திறந்தார்கள். மீன் வறுத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் சுட்டு, தட்டுத் தட்டாக விற்று அதில் மருந்து வாங்கினார்கள். ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை ஜாக்சன் நகரத்திலிருந்து ஒரு டாக்டர் சொந்தக் காரில் வந்து பார்க்கிறார். பெண்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள். ஆண்கள் மட்டும் மனைவியைக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் தாங்களாக வந்து உட்காரும் ஒரே நாற்காலி சலூனில் இருப்பதுதான் என்று வெர்லீனுக்குப் புரிந்தது. ஹோசியாவைக் கூப்பிட்டு வைத்து, பட்டையை எங்கே கட்டுவது, எண்ணை எப்படிப் படிப்பது, எந்த எண்ணுக்கு மேலே போனால் தனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். பாதித் தலை மட்டும் ஹோசியாவின் சொந்தச் சரக்கு. எண் நன்றாக இருந்தால் மறு பாதி உடனே வெட்டப்படும். மோசமாக இருந்தால், அடுத்த டாக்டர் சனிக்கிழமை கூடத்துக்குப் போவதாகக் கடையே கேட்கச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் மெஷின் ஆணியிலிருந்து இறங்கும்.

வெர்லீனுக்கு இது தெரிந்தபோது கோபம் வந்தது.

"பிரதர், நான் அளக்கத்தான் கத்துக்குடுத்தேன். ஆளப் புடிச்சுக் கட்டிப் போடச் சொல்லல."

"ஆள் வர்றானா இல்லையா, சிஸ்டர்?"

"வர்றாங்க."

"அப்புறமென்ன? திட்டுறத ஞாயித்துக்கிழம வெச்சுக்குங்க. இன்னிக்கு எனக்குக் கூட்டம்."

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால், உடலை அடக்கத்துக்குத் தயார்செய்யும் நிலையத்துக்குப் போய்க் கடைசியாக முடி திருத்துவதும் அவருடைய நாவிதர்தான். லான்ஸோ கேட்ஸ் என்ற லாரி ஓட்டுநர் ஒரு சனிக்கிழமை ஹோசியாவிடம் முடி வெட்டிக்கொண்டு, "தலை கொஞ்சம் பாரமா இருக்குண்ணே, தூக்கம் பத்தல" என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே பக்கவாதம் வந்து போய்ச் சேர்ந்தார். பெட்டியில் கிடந்த அவர் தலைக்கு வேலையே பாக்கி இல்லை, ஹோசியா போட்ட வெட்டு அப்படியே இருந்தது. காதோரம் மட்டும் லேசாக ஒதுக்கிவிட்டு வந்தார். "அசையாத தலைய வெட்டுறது எனக்குப் புடிக்காது. அது நல்லா இல்லைன்னு சண்டை போடணும், அதான் தலை" என்று அன்றைக்குச் சொன்னார். அன்று அவர் போ டை கட்டவில்லை.

பாதித் தலை வைத்தியம் பல காலம் பழுதில்லாமல் நடந்தது. பிறகுதான் ஆர்டெல் மெக்லமோர் வந்து உட்கார்ந்தார்.

ஆர்டெல் மீன் ஆலையில் தோல் உரிக்கும் வரிசையில் நிற்பவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஆலயத்துப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அவர் வாயைத் திறந்தால் பெஞ்சு அதிரும் என்பார்கள். தலையில் இரட்டைச் சுழி. அன்று இடது பக்கம் முடிந்ததும் ஹோசியா பட்டையைக் கட்டினார், கடை அமைதியானது, மேல் எண் இருநூறைத் தாண்டி நின்றது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்து மறுபடி பார்த்தார். இறங்கவில்லை. கேலி பேசவே பிறந்த பர்னல்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, தலைவலி ஏதும் இருக்கா?"

"ஆலைல நிக்கிற எல்லாருக்கும் இருக்கு."

"டாக்டர் இன்னிக்குப் போயிட்டாரு, இனி ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வருவாரு. அதுக்கு முன்னாடியே சிஸ்டர் வந்து உன்னப் பாப்பாங்க. சத்தியம் பண்ணு."

"வெட்டுங்கண்ணே."

"சத்தியம் பண்ணு, வெட்டுறேன்."

"நான் முடி வெட்டிக்க வந்தேன். கெஞ்ச வரல."

"அப்ப இந்தப் பக்கம் இப்படியே இருக்கட்டும்."

இதுவரை எல்லோரும் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள், அல்லது திட்டிக்கொண்டே சத்தியம் செய்துவிடுவார்கள். ஆர்டெல் கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தார், மடித்தார், நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஹோசியா பட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் கடையிலிருந்து ஒரு தலை பாதியில் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமையிலிருந்து கூத்து ஆரம்பமானது. ஆர்டெல் தினமும் ஆலைக்குப் போகும்போது சலூன் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். தொப்பியைக் கழற்றுவார். வெட்டிய பக்கம், வெட்டாத பக்கம் இரண்டையும் கண்ணாடிக் கதவுக்குக் காட்டுவார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு நடப்பார். அவர் மனைவி ஒடெஸா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனபோது, "தொடங்குனவன் முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இளம் நாவிதனோ ஹோசியாவிடம் தொழில் பழகியவன். "அவர் தொட்ட தலைய நான் தொட மாட்டேன்" என்று கையை விரித்துவிட்டான்.

"வைத்தியரே, விளம்பரம் போகுது பாரு" என்றார் பர்னல்.

"போகட்டும். ரெட்டைச் சுழிக்காரன் வீம்பு நாலு நாள்தான். தானா வருவான்."

வரவில்லை. வெர்லீன் சிஸ்டர் இரண்டு தடவை அவர் வீட்டுப் படியேறினார். ஆர்டெல் மரியாதையாக எழுந்து நின்று பேசினார், உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார், கையை மட்டும் நீட்டவில்லை. வீட்டில் வைத்து அளந்தால் ஒடெஸா பயந்துவிடுவாளாம். கூடத்துக்கு வாருங்கள் என்றால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

"ஆண்டவர் வீட்டுக்குள்ள தொப்பி போட்டுக்கிட்டு வரக் கூடாது, சிஸ்டர். தொப்பியக் கழட்டுனா இந்தக் கோலம். தலை சரியாகட்டும், வர்றேன்."

"அது கூடம்தான் பிரதர், ஆலயம் இல்ல. தொப்பியோடயே வாங்க, நான் சொல்றேன்."

"ஒரே கூரைதானே, சிஸ்டர்."

வெர்லீன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எங்கள் ஆண்களுக்கு எத்தனை குறை இருந்தாலும், அந்தக் கூரைக்குக் கீழே தொப்பியோடு நிற்கும் ஆளை நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிறும் ஆர்டெல் வரவில்லை. பாடகர் குழு எழுந்து நின்று பாடியது, ஆனால் பாட்டுக்கு அடிப்பாகமே இல்லை. மேலே குரல்கள் அலைந்துகொண்டிருந்தன. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஹோசியா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பவே இல்லை.

வெளியே வந்ததும் பர்னல் வழக்கம் போலக் கேலி செய்யவில்லை. அதுதான் ஹோசியாவை உறுத்தியது.

"ஹோசியா, அவன் கூடத்துக்கு வராம இருக்கறதுக்கு ஒரு சாக்கு தேடிக்கிட்டிருந்தான். நீதான் அத அவன் தலையிலயே வெட்டிக் குடுத்திருக்க."

ஹோசியா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெர்லீன் பின்னாலேயே வந்து நின்றார்.

"அந்த நம்பர வெச்சுக்கிட்டு ரொம்ப நாள் நடமாட முடியாது, பிரதர். எனக்குப் பயமா இருக்கு. நீங்க போய் மன்னிப்புக் கேளுங்க."

"நான் அவன் நல்லதுக்குத்தானே..."

"நல்லதுக்குத்தான். போய்க் கேளுங்க."

ஹோசியா மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு தடவை தவறிப்போய் ஒருவரின் மீசையில் பாதியைச் சிரைத்துவிட்டு, "உனக்கு மீசை பொருத்தமே இல்ல, பல நாளா சொல்லணும்னு இருந்தேன்" என்று சமாளித்தவர் அவர். அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் ஆர்டெல் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றும் நேரத்தில், ஹோசியா உள்ளே போய்த் துணி துவைத்தார். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு அந்தத் தலையைப் பார்க்க அவரால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஆர்டெல் வாசலில் நிற்கவே இல்லை. தலைவலி தாங்காமல் ஆலையிலிருந்து பாதியில் வந்து படுத்திருக்கிறார் என்று ஒடெஸா கடைக்கு வந்து சொன்னாள்.  கதவருகே நின்றாள், போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, டாக்டர் வருகிற நாள். நாவிதருக்கு அதுதான் வாரத்தின் அறுவடை. காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் கூட்டம் கூடியிருந்தது. ஹோசியா வந்தார், உள்ளே போனார், ஒரு காகிதப் பையோடு வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

"என்னண்ணே, கடை?"

"இன்னிக்கு இல்ல. எல்லாரும் கொரங்கு மாதிரியே இருங்க."

ஆர்டெல் வீட்டு முற்றத்தில் ஹோசியாவின் கார் போய் நின்றது. ஆர்டெல் வாசற்படியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"பாக்கி வேலை இருக்கு."

"சத்தியம் எல்லாம் வராது."

"கேக்கல. கருவிகூடக் கொண்டு வரல. பையப் பாத்துக்க." ஹோசியா பையைக் கவிழ்த்தார். மெஷின், சீப்பு, பிரஷ், ஒரு துணி. "தம்பி, நான் செஞ்சது தப்பு. தலையில வெளையாடியிருக்கக் கூடாது. தப்புதான்."

 ஆர்டெல் தொப்பியைக் கழற்றினார். ஒடெஸா சமையலறை நாற்காலியை முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டாள். ஜன்னல் வழியாக ஒயரை நீட்டினாள். வெட்டாத பக்கத்தில் முடி காடாக வளர்ந்திருந்தது, வெட்டிய பக்கமும் உருக்குலைந்திருந்தது. ஹோசியா இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்தே தொடங்கினார். அவர் வாய் அன்று அபூர்வமாக மூடியிருந்ததால் ஆர்டெல்தான் பேசினார்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு நம்பர் தெரியாது. அன்னிக்கு நீங்க சொன்னது காதுல விழல, விழாம பாத்துக்கிட்டேன். தெரியாதவரைக்கும் திங்கக்கிழம வேலைக்குப் போவேன். தெரிஞ்சுட்டா, அப்புறம் டாக்டர் நிக்காதேம்பாரு, தூக்காதேம்பாரு. வரிசைல நிக்காதவனுக்கு ஆலைல என்ன இருக்கு? ஒடெஸாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனப்ப வண்டி போச்சு. இப்ப போறதுக்கு என்ன இருக்கு, இந்த வீடுதான்."

"இங்க யாரும் வீட்டக் கேக்க மாட்டாங்க தம்பி. மாத்திரை அவங்களே தர்றாங்க."

"அது தெரியும். பயம் அதுல இல்லண்ணே."

  மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பாதியில் எங்கேயும் நிற்கவில்லை. காதோரம் ஒதுக்கி, பிடரியில் கோடு போட்டு, பிரஷால் கழுத்தைத் துடைத்து, துணியை உதறி மடித்தார். பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார். வாழ்நாளில் அவர் செய்த மிகக் கஷ்டமான வேலை அந்தப் பத்தடி தூரம் திரும்பிப் பார்க்காமல் நடந்ததுதான்.

"அண்ணே."

நின்றார்.

"கேக்க மாட்டீங்களா?"

"முடி வெட்ட வந்தேன், வெட்டிட்டேன்."

ஆர்டெல் தன் தலையைத் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. ஒடெஸா ஜன்னலிலிருந்து ஒயரைச் சுருட்டுவதுபோல நின்றாள், ஆனால் கை ஓடவில்லை.

"டாக்டர் எதுவரைக்கும் இருப்பாரு?" என்று ஆர்டெல் கேட்டார்.

சபைக் கூடத்தில் கூட்டம் குறைந்திருந்தது. ஆலயத்துப் பெண்கள் ஒரு மூலையில் காப்பிக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆர்டெல் வெறுந்தலையோடு உள்ளே வந்ததும் அவர்களில் ஒருத்தி, "எங்க அடிக்குரல் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். வெர்லீன் மடக்கு நாற்காலியைச் சன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. பட்டை அந்தப் பெரிய கையைச் சுற்றிக்கொண்டது. மேசைமேல் முள் வைத்த வட்டக் கருவி அவரைப் பார்த்தபடியே இருந்தது.

ஹோசியா தன் வழக்கப்படி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். வேறெங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியாது.

வெர்லீன் காற்றை அடிக்கத் தொடங்கினார். பட்டை இறுகியது, முள் ஏறியது. ஆர்டெலின் கண் மேசைப் பக்கம், அந்த எண்களை நோக்கி ஓடியது.  ஹோசியா கையை நீட்டி, அவர் நெற்றிப்பொட்டில் இரண்டு விரல் வைத்து, காதோரம் வெட்டப் போகிறவரைப் போலத் தலையை மெல்லச் சன்னல் பக்கம் திருப்பினார். யாருக்கும் வளையாத அந்தத் தலை திரும்பியது. வெளியே வெயிலில் யாரோ காரிலிருந்து காய்கறிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஆர்டெல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையில் இருந்த காற்று முழுவதும் இறங்கி, வெர்லீன் டாக்டரைக் கூப்பிடுவதற்கு எழுந்து போன பிறகும் ஹோசியா அந்த விரல்களை எடுக்கவில்லை.